நோபல் பரிசும் சென்னையில் வரையப்பட்ட ஒரு வரைபடமும்

2024 ஒக்டோபர் 8ஆம் திகதி அறிவிக்கப்பட்ட பௌதிகவியலுக்கான நோபல் பரிசு ஜோன் ஹொப்ஃபீல்ட், ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய இருவருக்கும் கிடைத்தது. கணினிகளைத் தாமாகவே கற்கவைக்கும் முறைகளுக்கு அடித்தளமிட்டவர்கள் என்பதற்காகவே அவர்கள் தெரிவுசெய்யப்பட்டனர். மறுநாள் இரசாயனவியலுக்கான பரிசின் ஒரு பாதி அமெரிக்காவின் டேவிட் பேக்கருக்கும், மறுபாதி கூகுள் டீப்மைன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. புரதங்களின் வடிவத்தைக் கணினியின் துணையுடன் முன்கூட்டியே கூறியதும், புதிய புரதங்களை வடிவமைத்ததும் அவர்களது சாதனை. ஹின்டன் கேம்பிரிட்ஜில் முதற்பட்டம் பெற்றது உளவியலில். ஹசாபிஸ் சிறுவயதில் பெயர்பெற்ற சதுரங்க ஆட்டக்காரர். பின்னர் கணினி விஞ்ஞானம் படித்தவர். பௌதிகவியலையும் இரசாயனவியலையும் கணினிக்காரர்கள் கைப்பற்றிவிட்டார்கள் என்ற தொனியிலேயே அந்த வாரத்துச் செய்திகள் பலவும் அமைந்திருந்தன.

பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் பட்டம் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகைக் காரியாலயங்களில் கழித்தவனான நான் விஞ்ஞான விவகாரமொன்றைப் பற்றி எழுதப் புகுவது சில வாசகர்களுக்கு வியப்பாக இருக்கக்கூடும். ஆனால், இங்கு நான் சொல்லவருவது விஞ்ஞானம் அல்ல, விஞ்ஞானத்தின் வரலாறு. அந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் பௌதிகவியல், இரசாயனவியல், மருத்துவம், கணிப்பு என்ற நான்கு துறைகளும் ஒன்றோடொன்று கலந்தது 2024இல் அல்ல என்பது தெளிவாகும். அந்தக் கலப்பின் முக்கியமான கட்டமொன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது என்பதும், அதை அந்த வாரத்துச் செய்திகளில் அநேகமாக எவரும் நினைவுகூரவில்லை என்பதுமே இதை எழுதத் தூண்டியது.

ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் 1895 நவம்பர் 8ஆம் திகதி ரொன்ட்ஜன் ஒரு புதுவகைக் கதிரை அவதானித்தார். அது என்னவென்று தெரியாததால் எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. மருத்துவர்கள் அந்தக் கதிரை உடைந்த எலும்பைப் பார்ப்பதற்கு உடனடியாகவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். பௌதிகவியலாளர்களுக்கோ அது என்னவென்று விளங்கிக்கொள்ள மேலும் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. 1912இல் மியூனிக் நகரில் மக்ஸ் வொன் லாவேயின் யோசனைப்படி ஒரு பளிங்கினூடாக அந்தக் கதிர் செலுத்தப்பட்டபோது, படத்தகட்டில் ஒழுங்கான புள்ளிக் கோலமொன்று விழுந்தது. கதிர் அலைவடிவமானது என்பதும், பளிங்குக்குள் அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன என்பதும் ஒரே பரிசோதனையில் நிரூபணமாயின.

அந்தப் புள்ளிகளில் இருந்து பின்னோக்கிச் சென்று அணுக்கள் நிற்கும் இடத்தைக் கண்டறியலாம் என்று காட்டியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த பிராக் தந்தையும் மகனும். 1915இல் இருவரும் பரிசு பெற்றபோது மகன் லோரன்ஸ் பிராக்குக்கு வயது 25. விஞ்ஞானத்துறையில் நோபல் பரிசு பெற்றவர்களில் இன்றுவரை மிக இளையவர் அவரே. அவர்கள் முதலில் ஆராய்ந்தவற்றுள் ஒன்று சாதாரண கறியுப்பு. ஒரு சோடியம் ஒரு குளோரினுடன் சோடிசேர்ந்து நிற்கும் என்றுதான் இரசாயனவியலாளர்கள் நம்பியிருந்தார்கள். அப்படியொரு சோடியே உப்புக்குள் இல்லை என்றும், ஒவ்வொன்றையும் மற்றையதில் ஆறு சூழ்ந்து நிற்கின்றன என்றும் பிராக்குகள் கூறினர். ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற முதுபெரும் இரசாயனவியலாளர் இதைப் பொறுக்கமாட்டாமல் 1927இல்கூட 'நேச்சர்' சஞ்சிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அயல்வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்ற ஆத்திரம் அதில் தெரிகிறது. எங்கள் ஊர்களில் வேலித் தகராறுகளைக் கண்டவர்களுக்கு அந்த மனநிலை புதியதாக இருக்காது.

உப்பு எளிது. உயிருள்ளவற்றின் மூலக்கூறுகள் அப்படியல்ல. ஒரு குளத்தில் பல கற்கள் ஒரேவேளையில் எறியப்பட்ட பிறகு, கரையை வந்தடையும் அலைகளை மாத்திரம் பார்த்து எந்தெந்தக் கல் எங்கெங்கு விழுந்தது என்று சொல்வதற்கு ஒப்பான வேலை இது. போதாததற்கு, படத்தகட்டு அலையின் வலிமையை மட்டுமே பதிவுசெய்யும். அது எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைப் பதிவுசெய்யாது. விடுபட்ட அந்தப் பாதியை ஊகித்து, ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கவேண்டும். கணினி இந்தக் கதைக்குள் நுழைந்தது இந்த வாசலினூடாகத்தான்.

டொரதி ஹொட்ஜ்கின் அம்மையாரின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சாட்சி. 1910இல் கெய்ரோவில் பிறந்த அவர் ஒக்ஸ்ஃபோர்டில் இரசாயனவியல் கற்றார். இருபத்துநான்கு வயதிலேயே மூட்டுவாதம் அவரது கைகளைத் தாக்கியது. 1935இல், நீரிழிவு நோயாளிகளின் உயிர்காக்கும் இன்சுலினின் பளிங்கு ஒன்றை முதன்முதலாக எக்ஸ் கதிரில் படமெடுத்தார். அந்தப் படத்தின் பொருள் முழுமையாக விளங்கியது 1969இல். இடையில் முப்பத்துநான்கு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. 1945இல் பெனிசிலினின் அமைப்பைத் தெளிவுபடுத்தினார். அடுத்து விற்றமின் பி12இன் அமைப்பைக் கண்டறியும் பணியில், கலிபோர்னியாவில் இருந்த கெனத் ட்ரூபிளட் என்பவர் அங்கிருந்த ஸ்வாக் என்ற ஆரம்பகாலக் கணினியில் கணக்கிட்டு உதவினார். ஒக்ஸ்ஃபோர்டில் எடுக்கப்பட்ட அளவீடுகள் அமெரிக்காவுக்குப் போய், கணக்கிட்ட விடைகள் திரும்பிவந்தன. 1964இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகள் சில 'குடும்பப் பெண்ணுக்குப் பரிசு' என்ற பாணியில் தலைப்பிட்டன. தலைப்பிடுவதைத் தொழிலாகச் செய்தவன் என்ற முறையில் அதைப் படிக்கும்போது இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. 1962இல் இரசாயனவியல் பரிசு மக்ஸ் பெரூட்ஸ், ஜோன் கென்ட்ரூ ஆகியோருக்கும், மருத்துவப் பரிசு பிரான்சிஸ் கிரிக், ஜேம்ஸ் வொட்சன், மொரிஸ் வில்கின்ஸ் ஆகியோருக்கும் சென்றன. வில்கின்ஸ் லண்டனில் இருந்தவர். ஏனைய நால்வரும் பரிசுக்குரிய வேலையைச் செய்த இடம் கேம்பிரிட்ஜின் கவென்டிஷ் ஆய்வுகூடம். அது ஒரு பௌதிகவியல் ஆய்வுகூடம்! திமிங்கிலத்தின் தசையில் இருந்து எடுத்த மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தை கென்ட்ரூ 1958இல் வெளியிட்டபோது, அதற்கான கணக்குகளைச் செய்தது கேம்பிரிட்ஜிலேயே கட்டப்பட்ட எட்சாக் என்ற கணினி. டி.என்.ஏ. விவகாரத்தில் முக்கியமான படத்துக்குக் காரணமாயிருந்த ரொசலின்ட் ஃபிராங்க்ளின் 1958இல் 37 வயதில் மறைந்துவிட்டார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதை இங்கு விரிக்கவில்லை.

பெரூட்ஸும் கென்ட்ரூவும் வழிதெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தனது பௌதிகவியல் துறைக்குப் புதிய பேராசிரியர் ஒருவரை நியமித்தது. ஜி.என்.இராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது. 1922 ஒக்டோபர் 8ஆம் திகதி எர்ணாகுளத்தில் பிறந்த அவர், பெங்களூரில் சேர் சி.வி.இராமனின் மாணவராக இருந்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். சென்னையின் உபவேந்தராக அப்போதிருந்தவர் டாக்டர் ஆ.லட்சுமணசுவாமி முதலியார். அவர் ஒரு மருத்துவர். முப்பது வயது இளைஞரிடம் ஒரு துறையை முழுதாக ஒப்படைக்கும் துணிவு எல்லா உபவேந்தர்களுக்கும் வருவதில்லை.

இந்தப் புதிய பேராசிரியர் எதை ஆராய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பேர்னல் சென்னைக்கு வந்தார். ஹொட்ஜ்கினின் ஆசான்களில் ஒருவர் அவர். கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராகவே இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாக அவர் சொன்னதை இராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். எமது தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் புரதமே கொலாஜன். உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோலைப் பதனிடுவது என்றால் கொலாஜனைப் பதனிடுவது என்றே பொருள். சென்னையோ தோல் வாணிபத்துக்குப் பெயர்போன நகரம். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. மாதிரிகளுக்கு அங்கிருந்து உதவி கிடைத்தது. கங்காருவின் வாலில் உள்ள தசைநாண் தெளிவான எக்ஸ் கதிர்ப் படத்தைத் தந்தது.

தமது சகாவான கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து இராமச்சந்திரன் கண்டறிந்த விடை 1954 ஓகஸ்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றாகச் சேர்ந்ததே கொலாஜன் என்றார்கள். மறுவருடமே அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் கயிறுபோல ஒன்றையொன்று முறுக்கிச் செல்கின்றன என்று கூறினர். எமது மொழியில் இதற்கு முப்புரி என்ற சொல் ஆயத்தமாகவே இருக்கிறது. அவர்களுக்கு வழிகாட்டியது இரசாயனப் பகுப்பாய்வில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு எண். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அது. மூன்று புரிகள் முறுகும்போது நடுவில் எஞ்சும் நெருக்கடியான இடத்தில் கிளைசின் மாத்திரமே ஒடுங்க முடியும். இது வெறும் கேத்திரகணித அழகு அல்ல. அந்த கிளைசின்களில் ஒன்றின் இடத்தில் பரம்பரைக் கோளாறினால் வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால், சிறு அதிர்ச்சியிலும் எலும்பு முறியும் நோயுடன் குழந்தைகள் பிறக்கின்றன என்பதை மருத்துவம் பின்னர் கண்டுகொண்டது.

ஆனால், சென்னையின் விடைக்கு கேம்பிரிட்ஜில் இருந்து எதிர்ப்பு வந்தது. அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் 1955இல் தமது சொந்த மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகள் முறுகி நிற்கின்றன என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டாலும், இராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றும், சங்கிலிகளைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்புகளில் அவர் சொல்லும் இரண்டில் ஒன்று மட்டுமே சாத்தியம் என்றும் வாதிட்டனர். டி.என்.ஏ.யின் அமைப்பை வெளியிட்டுப் புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தவர் கிரிக். அவரோடு மோதுவது எவருக்கும் எளிதான காரியமாக இருந்திருக்க முடியாது.

இங்கேதான் இராமச்சந்திரனின் மேன்மையை நான் காண்கிறேன். அவர் தன்மானப் பிரச்சினையாக்கி மறுப்புக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை. 'அளவுக்கு மீறிய நெருக்கம்' என்றால் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டார். அணுக்கள் எந்த அளவுக்கு அருகில் வரலாம் என்பதற்குத் திட்டவட்டமான வரையறை எவரிடமும் இருக்கவில்லை. வி.சசிசேகரன், சி.இராமகிருஷ்ணன் ஆகிய இளம் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அதுவரை வெளியாகியிருந்த சிறு மூலக்கூறுகளின் அமைப்புகளைத் தேடிப் படித்து, அணுக்களுக்கு இடையிலான தூரங்களைத் திரட்டினார். பிறகு வேறொரு கேள்வியைக் கேட்டார். புரதச் சங்கிலியின் முதுகெலும்பு ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் இரண்டு மூட்டுகளில் திரும்பக்கூடியது. அந்த இரண்டு கோணங்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப்பார்த்தால் எந்தெந்த நிலைகளில் அணுக்கள் முட்டிக்கொள்ளும், எவற்றில் முட்டாது?

எமது முழங்கையும் தோளும் எல்லாப் பக்கமும் திரும்பமாட்டா. புரதத்தின் நிலையும் அதுவே. ஆனால், அதை ஊகமாகச் சொல்வது வேறு, ஒவ்வொரு கோணத்துக்கும் கணக்கிட்டுக் காட்டுவது வேறு. ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு சோடி அணுக்களின் தூரத்தையும் மேசைக் கணக்குப்பொறியில் தட்டித் தட்டிக் கணிக்கவேண்டியிருந்தது. அந்தச் சுமையைத் தாங்கியவர் இராமகிருஷ்ணன். (2009இல் நோபல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் வேறொருவர். இருவரையும் ஒருவராக்கிக் குழப்பக்கூடாது. பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, உயிரியலுக்குத் தாவி, இரசாயனவியல் பரிசை வென்ற அந்த இரண்டாமவரும் நான் சொல்லும் கதைக்குப் பொருத்தமானவரே.) விடை 1963இல் வெளியானது. ஒரு சதுரத்தில் இரு கோணங்களையும் இரு அச்சுகளாக வைத்து வரைந்தால், அதன் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட பரப்பு புரதங்கள் கால்வைக்க முடியாத இடமாகத் தெரிந்தது. எஞ்சிய சில தீவுகளுக்குள்தான் உயிருலகின் புரதங்கள் பெரும்பாலும் வாழ்கின்றன. உலகம் இதை இராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கிறது.

கொலாஜன் சர்ச்சையில் வென்றவர் யார் என்று வாசகர்கள் கேட்கலாம். கொலாஜனை ஒத்த ஒரு சிறு துண்டின் பளிங்கு அமைப்பு 1994இல் நுணுக்கமாகக் கண்டறியப்பட்டது. ஐதரசன் பிணைப்பு விடயத்தில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதே சரி. முப்புரி என்ற அடிப்படைக் கருத்து சென்னையினுடையது. ஆனால் அந்தச் சர்ச்சையின் பெறுமதியான விளைவு இந்த இரண்டும் அல்ல, அந்த வரைபடமே.

இராமச்சந்திரன் அத்துடன் நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்துக்குச் சென்று மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை ஆரம்பித்தார். 1971இல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து வேறொரு துறையைத் தொட்டார். ஒரு பொருளைப் பல பக்கங்களில் இருந்து எக்ஸ் கதிரில் படமெடுத்து, அந்தப் படங்களில் இருந்து அதன் உட்புறத்தை மீளக் கட்டியெழுப்புவதற்கு விரைவான கணித முறையொன்றை வகுத்தார்கள். அதே 1971 ஒக்டோபர் முதலாம் திகதி லண்டனில் விம்பிள்டன் பகுதி மருத்துவமனையொன்றில் கொட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படம்பிடித்தது. இன்று நாம் சி.ரி. ஸ்கான் என்று சொல்வது அதையே. ஹவுன்ஸ்ஃபீல்ட் தமது முதலாவது இயந்திரத்தில் கையாண்டது வேறு கணித முறை. பின்னர் வந்த இயந்திரங்களில் பரவலாகப் பயன்பட்டது சென்னைக்காரர்களின் வழியை ஒத்த முறை. அதில் வரும் ஒரு வடிகட்டிக்கு இருவரது பெயர்களின் முதற்பகுதியையும் சேர்த்து 'ராம்-லாக்' என்றே பெயர் வழங்குகிறது. 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் அலன் கோர்மக்குக்கும் கிடைத்தது. ஒருவர் பொறியியலாளர், மற்றவர் பௌதிகவியலாளர். மருத்துவர் எவரும் அதில் இல்லை.

1971ஆம் ஆண்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் புரதத் தரவு வங்கி தொடங்கப்பட்டது. அப்போது அதன் கையிருப்பில் இருந்தவை ஏழு அமைப்புகள் மாத்திரமே. ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தவர் அதை அங்கு வைப்பிலிட வேண்டும். உலகில் எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். முக்கியமான ஆய்விதழ்கள் காலப்போக்கில் இதைக் கட்டாய நிபந்தனையாக்கின. 2020ஆம் ஆண்டளவில் கையிருப்பு ஏறத்தாழ 1,70,000ஐ எட்டியது. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பளிங்கு வளர்த்துக் காத்திருந்த ஒருவரின் மாதங்களும் சிலவேளைகளில் ஆண்டுகளும் இருக்கின்றன.

டீப்மைன்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்ட் கற்றுக்கொண்டது இந்த வங்கியில் இருந்துதான். 2020இல் நடைபெற்ற, புரத வடிவங்களை முன்கூட்டிக் கூறும் போட்டியில் அது எல்லோரையும் திகைக்கவைத்தது. 2022இல் ஏறத்தாழ 20 கோடி புரதங்களின் உத்தேச வடிவங்களை இலவசமாகவே வெளியிட்டது. ஹொட்ஜ்கின் முப்பத்துநான்கு ஆண்டுகள் உழைத்துப் பெற்ற ஒன்றைப் போன்றவை இப்போது சில நிமிடங்களில் கைக்கு வருகின்றன. ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் கிடைத்த பரிசு தகுதியற்றது என்று நான் கூறவில்லை. அது மகத்தான சாதனை. ஆனால், 2024 மே மாதத்தில் ஆல்ஃபாஃபோல்டின் மூன்றாவது பதிப்பு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானபோது அதன் நிரல் வெளியிடப்படவில்லை. விஞ்ஞானிகள் பலர் பகிரங்கமாகவே ஆட்சேபித்தனர். பரிசு அறிவிக்கப்பட்டு ஒரு மாதம் கழிந்த பின்னரே, நவம்பரில், கல்விசார் ஆய்வாளர்களுக்கு அது கிடைத்தது. ஐம்பது ஆண்டுகளாகப் பொதுக் களஞ்சியத்தில் பலரும் இலவசமாகக் கொண்டுவந்து கொட்டிய நெல்லில் சமைத்த சோற்றுக்குக் கதவைச் சாத்தி வைப்பது என்ன நியாயம் என்று ஆட்சேபித்தவர்கள் கேட்டதில் தவறில்லை என்பதே எனது எண்ணம்.

இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1977இல் லண்டன் றோயல் சொசைட்டி அவரைத் தனது உறுப்பினராக்கியது. 1999இல் பளிங்கியலாளர்களின் சர்வதேச ஒன்றியம் தனது உயர் விருதான ஏவால்ட் பரிசை அவருக்கு அளித்தது. பார்க்கின்சன் நோயினால் நீண்டகாலம் அவதிப்பட்ட அவர் 2001 ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில் காலமானார். கர்த்தா அமெரிக்காவுக்குச் சென்று, 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் ஒருவராக விளங்கினார்.

ஒரு புரதத்தின் அமைப்பு இன்று தரவு வங்கிக்கு வரும்போது அதைப் பற்றிய சோதனை அறிக்கையொன்று தயாராகும். அந்த அறிக்கையில் ஒரு வரி, 1963ஆம் ஆண்டு வரைபடத்தின் வழிவந்த எல்லைகளுக்கு வெளியே எத்தனை அமினோ அமிலங்கள் நிற்கின்றன என்று எண்ணிச் சொல்கிறது. எண்ணிக்கை அதிகமென்றால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் மீண்டும் தேடத் தொடங்குவார்கள். கணினி கற்று ஊகித்துச் சொல்லும் வடிவங்களையும் அவர்கள் அந்த வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கிறார்கள்.